சும்மா விட்ட வரிசை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவனிடம் பேனாவைக் கொடுத்தால் இரண்டு வார்த்தையோடு நிற்காது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். மொட்டுக் கட்டுவது எப்படி, குழி எத்தனை ஆழம், மண் மாதிரியை எங்கே எடுப்பது என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே எழுதியிருப்பார்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஒரு மரத்துக்கு எதுவும் செய்யாமல் சும்மா விடுவது இருக்கிறதே, இந்தத் தொழிலில் அதைவிடக் கஷ்டமான காரியம் வேறு கிடையாது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆபீஸ் சங்கரன்கோவிலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. முன்னறையில் மேஜை, பின்கட்டில் ஒட்டுக் கன்றுகள், நடுவில் எங்கள் சமையல். எலுமிச்சைத் தோட்டத்து மண்ணுக்கு எதைக் கொடுத்தால் காய்ப்பு நிலைக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் எங்களுக்கு இட்ட வேலை. ஆனால் ஆபீசுக்குச் சொந்தமாக ஒரு பாத்தி நிலம்கூடக் கிடையாது. சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், காலைப் பிடித்து, அவர்கள் தோட்டத்தில்தான் ஆராய்ச்சி நடத்தினோம். ஆபீஸ் என்றால் ஒரு சூப்பிரண்டு ஐயா, அப்புறம் நான். என் வேலை தற்காலிகம். ஆராய்ச்சி நடக்கும் வரை சம்பளம், அது நின்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

சூப்பிரண்டு ஐயாவின் பெயர் இங்கே வேண்டாம். கெட்டிக்காரர். ஆனால் எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். காபி சுடுகிறது என்று சொன்னால் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, சுடுது" என்று நமக்கே திருப்பிச் சொல்வார். ஒட்டுக் கன்றில் மொட்டை வைத்துக் கட்டுவதில் அவருக்கென்று ஒரு முடிச்சு இருந்தது. வாழைநாரைக் கீழிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டு போய், நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் செருகி ஒரு இழு இழுக்க வேண்டும். வேறு மாதிரி கட்டியிருந்தால் அவிழ்த்து நம் கையிலேயே கொடுத்துவிடுவார். தென்னாட்டிலேயே அந்த முடிச்சு எங்கள் ஆபீசில் மட்டும்தான் என்பது அவருடைய பெருமை.

கரிவலம்வந்தநல்லூரில் பஸ் போகும் ரோட்டை ஒட்டி ஓர் அண்ணாச்சியின் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. வற்றாத கிணறு, வாளிப்பான மரங்கள், ஊருக்கே கேட்கும் குரல். அவர் தோட்டத்தில் நான்கு வரிசைகளை எங்களுக்கு விட்டுக் கொடுத்தார். ஒரு வரிசைக்குக் கொழிஞ்சித் தழை, இன்னொன்றுக்குக் குளத்து வண்டல், மற்றொன்றில் புழுக்கைக்காக ராத்திரி செம்மறி ஆடுகளை அடைத்து வைக்கும் கிடை. நான்காவது வரிசைக்குத் தண்ணீர் மட்டும், வேறு ஒன்றும் கிடையாது. ஒன்றும் போடாத வரிசை ஒன்று இருந்தால்தானே, போட்டதால் என்ன பலன் என்று தெரியும்? நீங்கள் அதற்கு ஆங்கிலத்தில் என்னமோ பெயர் சொல்வீர்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சும்மா வரிசை.

எது எந்த வரிசைக்கு என்பதை நம் ஆசைப்படி தீர்மானிக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். அது ஆராய்ச்சி முறை. நாங்கள் சீட்டை எழுதி மடித்ததைப் பார்த்ததும் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எங்கள் புள்ளியியல் அவருக்குத் திருவுளச்சீட்டாகத் தெரிந்துவிட்டது. மகள் கோமதியைத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லி, கிணற்றடிப் பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றி, அவள் கையால் சீட்டை எடுக்க வைத்தார். ரோட்டோர வரிசைக்குக் கோமதி எடுத்த சீட்டில் 'ஒன்றுமில்லை' என்று இருந்தது.

அண்ணாச்சியின் முகம் சுருங்கிப் போயிற்று. "சார், பஸ்ஸுல போறவன் வாரவன் கண்ணெல்லாம் படுத எடம். உள் வரிசைக்கு மாத்திக்கிடலாமா?" என்று கேட்டார்.

"சாமி முன்னால எடுத்த சீட்டுல்லா அண்ணாச்சி" என்றார் சூப்பிரண்டு ஐயா, கொஞ்சமும் கூசாமல்.

அண்ணாச்சி ஒரு நிமிஷம் பிள்ளையாரைப் பார்த்தார். "சரி. நீங்க காய் எண்ணி முடிக்கிற வரைக்கும் இந்த வரிசைக்கு ஒரு கூடை எரு போட மாட்டேன். சொன்னா சொன்னதுதான்" என்று சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டார்.

வாக்குக் கொடுப்பது சுலபம். பக்கத்தில் மூன்று வரிசை கருகருவென்று தழைத்து நிற்க, ஒரு வரிசை மட்டும் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு போவதை ஒரு சம்சாரி தினமும் பார்த்துக்கொண்டிருப்பது சுலபமில்லை. இரண்டாம் வருஷம் சும்மா வரிசையின் இலை சிறுத்து மஞ்சளாகிவிட்டது. களையெடுக்கப் போகும் பெண்கள் ரோட்டில் நின்று, "ஏன் அண்ணாச்சி, இந்த வரிசை மட்டும் மூத்த தாரத்துப் பிள்ளைகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பஸ் கண்டக்டர் அந்த இடத்துக்கு 'பஞ்சத்து ஸ்டாப்' என்று பெயர் வைத்துவிட்டார். அண்ணாச்சி ரோட்டுப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் தோட்டத்திலும் இதே மாதிரி நான்கு வரிசை வைத்திருந்தோம். அந்த மனுஷருக்கு இரக்க சுபாவம். பட்டினி கிடக்கும் வரிசையைப் பார்க்கப் பொறுக்காமல், எங்களுக்குத் தெரியாமல் மாட்டு எருவைப் போட்டு மூடிவிட்டார். சூப்பிரண்டு ஐயா வழக்கம்போல மண்ணில் விரலை விட்டார், விரல் வாசம் காட்டிக் கொடுத்துவிட்டது. அந்தத் தோட்டத்தையே ஆராய்ச்சியிலிருந்து அடித்துவிட்டு வந்தார். "மிச்சம் கரிவலம் ஒண்ணுதான் வே. அங்கனயும் எவனாவது இரக்கப்பட்டான்னா, நீரும் நானும் கடையைக் கட்ட வேண்டியதுதான்" என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து கரிவலத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல்தான் போவார்.

இந்த நேரத்தில் கோமதிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போக மாட்டார்கள். முதலில் தோட்டத்தையும் கிணற்றையும் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்ப்பார்கள். முதலில் வந்தவர்கள் ரோட்டோர வரிசையைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். ஒரு வரிசையைப் பட்டினி போடுகிற வீடு மருமகனுக்கு என்னத்தைப் போட்டுவிடும் என்று பேசிக்கொண்டு போனதாக மறுநாளே சேதி வந்தது. நாங்கள் சர்க்கார் சார்பில் போட்ட பட்டினி அது. பழி அண்ணாச்சிக்கு வந்தது.

இரண்டாவதாக இளையரசனேந்தலிலிருந்து ஓர் இடம் கூடி வந்தது. நல்ல குடும்பம், பையனும் தங்கமான பையன் என்று சொன்னார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் இருக்கையில் நான் தோட்டத்துக்குப் போனேன். அண்ணாச்சி என்னைக் கிணற்றடிக்குத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, ரோட்டோர வரிசையில நாலே நாள் கெடை போட்டுக்கிடுதேன். இப்பம் போட்டாத்தான் அவுக வாரதுக்குள்ள கொஞ்சம் பச்சை பிடிக்கும். பெரிய சார்வாளுக்கு நீங்க சொல்லாண்டாம்."

"போட்டா ரெண்டு வருச வேலையும் போயிரும் அண்ணாச்சி. நீங்க குடுத்த வாக்கும் போயிரும்."

"உமக்கு மக இல்ல. அதான் இப்படிப் பேசுதீரு" என்றார். ஊருக்கே கேட்கும் குரல் அன்றைக்கு எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மோர் கொண்டு வந்த கோமதி செம்பை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். இந்தக் கோமதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் நாங்கள் ஒட்டுக் கன்று போட்டபோது வேடிக்கை பார்க்க வந்தவள், ஒரே வாரத்தில் என்னைவிட வேகமாக மொட்டுக் கட்டினாள். வாயும் அதே வேகம்தான்.

"ஏன் சார், மண்ணுலதான ஒண்ணும் போடக் கூடாது? மரத்துல கட்டலாம்லா?" என்றாள்.

"மரத்துல என்னத்தக் கட்டுத?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"பழத்தை."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? சட்டப் புத்தகத்தைப் புரட்டுவீர்கள். மேலதிகாரிக்குக் கடுதாசி எழுதுவீர்கள். பதில் வருவதற்குள் கோமதிக்கு வயது கூடிப்போகும். நான் மோரைக் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் யோசித்தேன். ஆராய்ச்சி மண்ணில் இருக்கிறது. கிளையில் இரண்டு மணி நேரம் ஒரு பழம் தொங்குவதால் வேருக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. கிடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதையும் வேண்டாம் என்றால், கடைசியில் ஆடுதான் உள்ளே வரும். அதனால் மூன்று கட்டளை போட்டேன். மண்ணில் ஒரு துரும்பு விழக் கூடாது. அந்த மரங்களில் இருக்கிற சொந்தக் காயை யாரும் தொடக் கூடாது. கட்டுகிற பழம் கிணற்றுக்கு அந்தப் பக்கத்து மரங்களிலிருந்துதான் வர வேண்டும், ஆராய்ச்சி வரிசைகளிலிருந்து ஒன்றுகூட வரக் கூடாது. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பெண் பார்க்கிற நாளும் வந்தது. விடிந்ததும் விடியாததுமாகக் கோமதியும் அவள் அம்மாவும் கூடை கூடையாகப் பழத்தைக் கொண்டுவந்து கட்டி முடித்துவிட்டார்கள். நான் போனபோது வரிசை கோயில் சப்பரம் மாதிரி ஜோடித்து நின்றது. இலை மஞ்சள், பழமும் மஞ்சள், கிளை தெரியாத அளவுக்குப் பழம். ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாழைநார், கீழிருந்து மேலாகச் சுற்று, நுனி உள்ளே செருகல். எவ்வளவு சுத்தமாகக் கட்டியிருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதோடு நிறுத்திக்கொண்டேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இளையரசனேந்தல்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். பையனின் அப்பா கரிசல் காட்டில் மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் போடுகிறவர். எலுமிச்சையைப் பற்றி அவருக்கு ஊறுகாய் வரைக்கும்தான் தெரியும். சும்மா வரிசைக்கு முன்னால் நின்று மீசையைத் தடவினார்.

"காய்ப்பு பேய்க் காய்ப்பால்லா இருக்கு. இலை என்ன இப்படி மஞ்சளா இருக்கு?"

"அது சீமை ரகம்லா! இலை அப்படித்தான் இருக்கும்" என்றார் அண்ணாச்சி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பையனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சும்மா நின்றவன் ஒரு பழத்தைப் பிடித்து இழுத்தான். பழம் நாரோடு வந்தது. நாரைப் பார்த்தான், அவன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சத்தம் போடாமல் பழத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தான். தங்கமான பையன் என்று சொன்னது பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பஸ் வந்து நின்றது. முதலில் ஒரு குடை இறங்கியது, அதற்குப் பின்னால் சூப்பிரண்டு ஐயா இறங்கினார்.

வந்தவர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். சும்மா வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தார். ஒன்றும் போடாத மரம்தான் உலகத்திலேயே அதிகம் காய்க்கும் என்றால் அவர் படித்த படிப்பு, பார்த்த வேலை எல்லாம் என்ன ஆவது?

"என்னவே இது?" என்றார் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் பையனின் அப்பா, "சீமை ரகமாம்லா சார்" என்றார் மரியாதையாக.

"எது சீமை ரகம்?" என்று கேட்டுக்கொண்டே சூப்பிரண்டு ஐயா கையை நீட்டினார். தொட்டுப் பார்க்காமல் அவர் எதை நம்பியிருக்கிறார்? பழம் கையோடு வந்தது. நாரை அவிழ்த்துப் பார்த்தார். மறுபடி சுற்றிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இது நம்ம ஆபீஸ் முடிச்சுல்லா."

குழந்தைகள் விளையாட்டாகக் கட்டியிருக்கும் என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் அண்ணாச்சி அப்போதைக்குத் தப்பியிருப்பார், ஆனால் அந்த வரிசையின் கணக்கை அதற்கப்புறம் யாருமே நம்ப முடியாது. உண்மையைச் சொன்னால் கோமதியின் கல்யாணம் நிற்கும். ஒரு மாதத்துக்கு முன்னால் மோர் குடிக்கும் நேரம் கிடைத்தது, இப்போது அதுவும் இல்லை. உண்மையைச் சொன்னேன். சீட்டு விழுந்தது முதல், முதலில் வந்தவர்கள் திரும்பிப் போனது, நான் போட்ட மூன்று கட்டளை வரை எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். என்ன சாமர்த்தியம் வேண்டுமானாலும் செய்யுங்கள், காய் எண்ணும் நேரத்தில் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அண்ணாச்சி வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

சூப்பிரண்டு ஐயாவுக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. "பழத்தைக் கட்டத் துணிஞ்சவரு எருவைப் போட்டிருக்க மாட்டாருன்னு நான் எப்படி நம்ப? பனவடலிசத்திரத்துல என்ன நடந்துச்சு? இந்தத் தோட்டத்தையும் அடிச்சிரும் வே."

"எம் மக மேல சத்தியமா ஒரு கூடை போடல சார்" என்றார் அண்ணாச்சி.

"சத்தியத்தை வச்சு ரிப்போர்ட் எழுத முடியாது அண்ணாச்சி. முந்தி எப்பவாவது போட்டு மக்கிப்போயிருந்தா இப்பம் கையில தட்டுப்படுமா? எனக்கு அத்தாட்சி வேணும்."

பையனின் அப்பா அதுவரை இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார்வாள், செத்த இருங்க. எனக்குப் பைய வெளங்க வையுங்க. இந்த வரிசைக்கு ஒண்ணும் போடக் கூடாதுன்னு பேச்சு. இவரு போட்டாரா இல்லையாங்கது கேள்வி. அப்படித்தானா?"

"அப்படித்தான்."

"போட்டிருந்தா மரமே காச்சிருக்கும்லா? மரம் வெறும் மரமா நிக்கப்போயித்தான இவரு பழத்தைத் தூக்கிக் கட்டியிருக்காரு? இதுக்கு மேலயா அத்தாட்சி கேக்கீரு?"

"தோட்டம் இருக்கட்டும் வே" என்றார் சூப்பிரண்டு ஐயா என்னிடம். ஒன்றையும் தொட்டுப் பார்க்காமல் அவர் நம்பியதை என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

பையனின் அப்பா வாய்க்கால் கரைக்குப் போய் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "முன்னால வந்தவுக இந்த வரிசையைப் பாத்துத்தான் திரும்பிப் போனாவளாக்கும்?"

"ஆமா."

"அதுக்கப்புறமும் நீரு எரு போடல?"

"வாக்குக் குடுத்துட்டேன்லா" என்றார் அண்ணாச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்க ஊருல வந்து பாரும், காடு பூராவும் இந்த வரிசைதான். மானம் பாத்த பூமி. மஞ்ச இலையைப் பாத்து நானா பயப்படப் போறேன்? பெத்த மக கலியாணம் தட்டிப் போகுதுன்னு தெரிஞ்சும் பேச்சு மாறாத மனுசன் வீட்டுல சம்பந்தம் பண்ணாம, நான் வேற எங்கன போய்ப் பண்ணுவேன்? வெத்தலை பாக்கை எடுத்தாரச் சொல்லும்."

அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சூப்பிரண்டு ஐயா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார், வெயில் என்று சொன்னார். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். மாற்றிய கையோடு சூப்பிரண்டு ஐயா குடையை மடக்கிவிட்டு, "சரி, எல்லாரும் வாங்க. கட்டுன பழத்தை எல்லாம் அவுத்துட்டு, மரத்தோட காயை இப்பமே எண்ணிப் போடுவோம்" என்றார். சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே மரத்தில் நின்று நாரை அவிழ்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் வேட்டியை மடித்துப் பிடித்து அதில் பழத்தைச் சேர்த்தான். எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை, அந்த மரங்களில் அவ்வளவுதான் இருந்தது. சூப்பிரண்டு ஐயா சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

சும்மா வரிசையை ரோட்டோரம் வைக்காதீர்கள் என்று அவர் அதற்கப்புறம் எல்லா ஆபீசுக்கும் எழுதினார். சீட்டு அங்கேதான் விழுந்தது என்றால் நான்கு வரிசையையும் தோட்டத்தின் உள்பக்கத்துக்கு மாற்றுங்கள், சீட்டை மாற்றாதீர்கள் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அதைவிட முக்கியமான ஒரு விஷயம் அன்றைக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்துப் படலைத் திறந்துகொண்டு, பட்டுச் சேலையும் கையில் பலகாரத் தட்டுமாகக் கோமதி வந்து நின்றபோதுதான் உறைத்தது. வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது, பெண்ணை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை.

பையனின் அப்பா பதறிப்போய், "அட, பொண்ணைப் பாக்க மறந்துட்டமே தாயீ!" என்றார்.

"நீங்க மரத்தைப் பாத்துட்டீய, அது போதும் மாமா" என்றாள் கோமதி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மாப்பிள்ளையை நான் இன்னும் பாக்கலைல்லா."

எல்லாரும் விலகி நின்றார்கள். பையன் மடி நிறையப் பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், கும்பிடுவதற்குக்கூட அவனுக்குக் கை இல்லை. கோமதி அவனை உச்சியிலிருந்து கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டு, "சரி" என்றாள்.